நாற்பது தாண்டியவர்கள் பக்கம்

இந்த ஒரு வரியை மட்டும் தொடாதே. வெப்சைட்டில் மற்றதையெல்லாம் உன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள். கலரை மாற்று, எழுத்தை மாற்று. மேலே இருக்கிற பிள்ளையார் படம் பழசாக இருக்கிறது என்றாயே, அதையும் மாற்று. பிள்ளையார் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் இந்த வரி இருந்த இடத்தில் இருக்கவேண்டும்.

இந்த வேலைக்கு நீ பதினைந்து நாள் கேட்டாய், நான் பத்து நாள் என்றேன், பன்னிரண்டில் பேசி முடித்தோம். இப்போது நானாக இரண்டு நாள் விட்டுத் தருகிறேன், பதினாலு நாள் எடுத்துக்கொள். கோமதிநாயகம் கேட்காமலே இறங்கி வந்தான் என்று எட்டயபுரம் சந்தையில் போய்ச் சொல்லிப் பார், ஒருத்தன் நம்பமாட்டான்.

"சார், இது சும்மா ஒரு காலிப் பெட்டி, உள்ளே ஒன்றுமே இல்லை" என்கிறாய். முதலில் சார் என்று கூப்பிடாதே. சார் என்றால் ஏதோ பத்திரம் பதிய வந்த மாதிரி இருக்கிறது. காலிப் பெட்டிதான், எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் முழுவதும் என் கையால் அடித்தது. நீ ஜெபக்கனி டீச்சர் மகள், காலேஜில் நாலு வருஷம் உட்கார்ந்து படித்தவள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில், ஒரு மணிக்கு இவ்வளவு என்று பேசி, அதிலும் பேரம் பேசி, நாற்பது பக்க நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதிப் படித்தவன். முற்றுப்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு நாள் முழுக்க முட்டியிருக்கிறேன். அரைப்புள்ளி ஒன்றை விட்டதற்கு முந்நூறு மாப்பிள்ளைகள் ஸ்கிரீனிலிருந்தே காணாமல் போனார்கள்.

உட்கார், நிற்காதே. கீழே பட்டறையில் வெல்டிங் வைத்தால் இங்கே ஃபேன் மெதுவாகச் சுற்றும், பயப்படாதே. டீ வரும்.

பதினொரு வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவன் நான். பதினாறில் மாட்டுச் சந்தை. தரகு. துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, பார்த்திருக்கிறாயா? வெளியே ஒரு வார்த்தை வராது. வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல் விலையைப் பேசும். விரலைத் தொட்டால் எதிராளி மனசில் என்ன இருக்கிறது, எவ்வளவுக்கு இறங்குவான் எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். முப்பது வருஷத்தில் ஒருத்தன் மனசையும் நான் தப்பாகப் படித்தது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. தொழில் அப்படி.

முப்பது வயதில் எனக்கும் ஒரு பெண் பேசினார்கள், கயத்தாற்றுப் பக்கம். "மாட்டுத் தரகனுக்கா?" என்று அந்தப் பெண்ணின் மாமன் கேட்டான். நான் சொம்புத் தண்ணீரை அவன் மேல் ஊற்றிவிட்டு வந்தேன். அதோடு சரி, அப்புறம் நேரம் வரவில்லை. சந்தை படுத்ததும் இந்தத் திருமணத் தகவல் மையத்தை ஆரம்பித்தேன். "நேற்று வரைக்கும் பல்லைப் பிடித்துப் பார்த்தவன், இன்றைக்கு ஜாதகம் பார்க்கிறான்" என்று சிரித்தார்கள். சிரித்தவன் மகளுக்கும் நான்தான் முடித்துக் கொடுத்தேன்.

சரி, இந்த வரிக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பாஷையில் கேள். ஒவ்வொரு வரனுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இடது பக்கம் படம், அதற்குப் பக்கத்தில் விவரம். படத்தை இடது பக்கம் ஒதுக்கி, எழுத்தைப் பக்கத்தில் ஓடவிட வேண்டுமென்றால் ஃப்ளோட் போட வேண்டும். அந்தக் காலத்தில் அதுதான் முறை. மிதக்க விடுவது. இதில் ஒரு கோளாறு. மிதக்கிறதைப் பெட்டி தன்னுடையதாகவே நினைக்காது. உள்ளே எழுத்து எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்குத்தான் பெட்டி நிற்கும். விவரம் நிறைய எழுதியவர்களுக்குக் கவலை இல்லை. படிப்பு, வேலை, அண்ணன் பெங்களூர், தங்கை துபாய், சொந்த வீடு, கார் என்று பத்து வரி எழுதினால் பெட்டி படத்தைத் தாண்டி நீண்டுவிடும். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் பாடுதான் கஷ்டம். இரண்டு வரியில் பெட்டி முடிந்துவிடும், படம் மட்டும் பெட்டிக்கு வெளியே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். அடுத்த பெட்டி கீழே போகாது. மேலே ஏறி வந்து, அந்தப் படத்தின் தோளில் இடித்து, அதற்குப் பக்கத்திலேயே தன் படத்தை நிறுத்திக்கொள்ளும்.

அதற்குத்தான் இந்தக் காலிப் பெட்டி. ஒவ்வொரு வரனின் கடைசியிலும் ஒன்று. க்ளியர் போத். "இரண்டு பக்கமும் யாரும் இல்லாத இடத்தில்தான் நான் நிற்பேன்" என்று அது போய்ப் படத்துக்குக் கீழே நிற்கும். அதோடு பெட்டியும் நீளும், அடுத்தவர் கீழே போய்விடுவார். ஒன்றும் இல்லாத பெட்டிதான். ஆனால் அது இருந்தால்தான் ஒழுங்கு.

இது எனக்குத் தெரியாது, அப்போது.

இந்த நாற்பது தாண்டியவர்கள் பக்கம் நான் தனியாகத் தொடங்கியது. ஆண் பக்கம், பெண் பக்கம் என்று பிரிக்க ஆள் கிடையாது. நாற்பதுக்கு மேல் யார் தைரியமாகப் படம் கொடுக்கிறார்கள்? அதனால் எல்லாரும் ஒரே பக்கம். அதில் முதல் ஆளாக என்னைப் போட்டேன். சிரிக்காதே. சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. முகப்பில் தரகன் தன் மாட்டைக் கட்டிவைப்பான். அது விற்பதற்கில்லை. வெறும் முளைக்குச்சியைப் பார்த்தால் எவனும் உள்ளே வரமாட்டான், ஒரு மாடு நின்றால் நாலு பேர் வருவார்கள். அப்படித்தான் என்னைக் கட்டினேன். "கோமதிநாயகம். சொந்தத் தொழில், கோவில்பட்டி." இரண்டே வரி. அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? இன்னும் அதுதான் இருக்கிறது, நீயே பார்த்தாயே.

செண்பகவல்லி இங்கே தட்டச்சு வேலைக்கு இருந்தவள். அந்த ஜன்னலோர மேசை அவளுடையது. அதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். அப்பா இல்லை. இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டு அம்மாவோடு இருந்தாள். நாலரை வருஷம் இங்கே இருந்தாள். வேலையில் சுத்தம். நான் போனில் கத்துவேன், அவள் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், நான் கத்தி முடித்ததும் திறந்துவிடுவாள். சில நாள் "இன்னைக்கு மூணு தடவ ஜன்னல் சாத்தியாச்சு அண்ணாச்சி, புழுங்குது" என்பாள். அவ்வளவுதான்.

அவளுக்கு நாற்பது முடிந்த மறு வாரம் ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"என்னையும் ஏத்திருங்க அண்ணாச்சி."

"எந்தப் பக்கத்துல?"

"நாப்பது தாண்டுன பக்கத்துலதான் அண்ணாச்சி. வேற எங்க?"

"நீயே ஏத்திக்கோயேன். தினமும் நூறு பேர ஏத்துற."

அவளே ஏற்றினாள். பட்டியலில் எனக்கு அடுத்த இடத்தில் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, "அகரவரிசை அண்ணாச்சி, க-வுக்கு அப்புறம் ச" என்றாள். சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பதினாறு வேலை, பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் அப்படியே இருந்திருக்கிறது. எதிர் டீக்கடைப் பரமன் ஒரு நாள் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நிற்கிறான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஜோடி அம்சமா இருக்கு. ஒரு வார்த்த சொல்லலையே."

போனைக் காட்டினான். என் இரண்டு வரியில் பெட்டி முடிந்துவிட்டது, என் படம் கீழே தொங்குகிறது. அவள் படம் ஏறி வந்து என் பக்கத்தில் நிற்கிறது. ஒட்டி. ஒரு விரற்கடை கீழே. ஸ்டூடியோவில் நிறுத்தி எடுத்த மாதிரி, பெண் கொஞ்சம் உயரம் குறைவாக இருப்பாளே, அப்படி. நான் அந்தப் படத்தில் சிரித்திருக்கமாட்டேன். அவள் சிரித்திருப்பாள். பார்க்கிறவனுக்கு, அவள் சிரிப்பதில் நானும் ஏதோ சிரிக்கிற மாதிரித் தெரியும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பெண் வரன் தேடிப் படம் கொடுத்திருக்கிறாள், அதைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினால் எவன் பெண் கேட்டு வருவான்? என் மையத்தில், என் பக்கத்தில், என் கண் முன்னால். பரமனிடம் டீயைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். வெறும் வரியாக இருபது தட்டி அவள் படத்தைக் கீழே தள்ளினேன். இங்கே சரியாக இருந்தது, பரமன் போனில் பார்த்தால் நடுவில் ஒரு பாலைவனம். பெட்டிக்கு இவ்வளவு உயரம் என்று அளவு போட்டேன். விவரம் நிறைய எழுதியவர்களுக்கு எழுத்து வழிந்து அடுத்தவர் தலையில் விழுந்தது. என் விவரத்தை நீட்டி எழுதினால் சரியாகிவிடும் என்று அதையும் பார்த்தேன். அரை மணி நேரம் யோசித்தும் மூன்றாவது வரி வரவில்லை.

இந்த மூன்று நாளும் அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பண்றீக அண்ணாச்சி?" என்று ஒரு தடவை கேட்டாள். "உன் படத்தப் பிரிக்கேன்" என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு ஒரு சந்தேகம். மாப்பிள்ளைப் பக்கத்திலும் இரண்டு வரிக்காரர்கள் இருக்கிறார்களே, அங்கே ஏன் யாரும் யார் பக்கத்திலும் ஏறவில்லை? உள்ளே திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரனின் கடைசியிலும் ஒரு காலிப் பெட்டி. பெண் பக்கத்திலும் அப்படியே. மறுமணப் பக்கத்திலும் அப்படியே. நான் போட்டதில்லை.

"செண்பகம், இந்தக் காலிப் பெட்டியெல்லாம் யாரு போட்டா?"

"நாந்தான்."

"எப்ப?"

"போன தை மாசம். ஒண்ணோட ஒண்ணு ஏறி நின்னுச்சு. தேடிப் படிச்சுப் போட்டேன்."

"அப்ப நாப்பது தாண்டுன பக்கத்துல மட்டும் ஏன் போடல?"

ஸ்டேப்ளரைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். "அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கவனித்தாயா? மூன்று பதில் சொல்கிறாள், ஒன்றில்கூட அண்ணாச்சி இல்லை. நாலரை வருஷத்தில் அண்ணாச்சி போடாமல் அவள் என்னிடம் பேசினதே கிடையாது. அன்றைக்கு அந்த மரியாதையும் போய்விட்டது. எனக்கு அதுதான் முதலில் சுருக்கென்றது. வேலையில் அலட்சியம், அதற்கு மேல் மரியாதைக் குறைவு.

"ஊரே சிரிக்குது. உன் பேரு கெட்டுருமேன்னு மூணு நாளாச் சோறு தண்ணி இல்லாம மாரடிக்கேன். உனக்கு வழி தெரிஞ்சும் பேசாம உக்காந்திருக்க."

"சிரிச்சாச் சிரிக்கட்டும்."

"உனக்கென்ன, சொல்லிருவ. எனக்கு இது தொழில்."

அவள் என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கீழே வெல்டிங் வைத்தான், லைட் மங்கித் திரும்ப வந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

"தொழில்தான்" என்றாள். "தள்ளுங்க, நான் போடுதேன்."

என் நாற்காலியில் உட்கார்ந்து என் பெட்டியின் கடைசியில் இந்த வரியை அடித்தாள். இதோ, இதே வரி. பக்கத்தைத் திரும்பத் திறந்தோம். அவள் படம் கீழே போய்விட்டது. நான் மேலே தனியாக, அவள் கீழே தனியாக. நடுவில் சுத்தமாக ஒரு கோடு.

"சரியா இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இருக்குன்னு சொல்லிட்டேன்லா."

பார், நான் சொன்னது சரியா தப்பா? பிரித்த ஐந்தாவது வாரம் அவளுக்கு வரன் வந்தது. தூத்துக்குடி, ஐஸ் ஃபேக்டரி, மனைவி இறந்து மூன்று வருஷம், மகன் வெளியூரில் படிக்கிறான். நல்ல மனுஷன், பேர் இசக்கிராஜன். என் வாழ்க்கையில் நான் பேசி முடித்ததிலேயே அதுதான் அருமையான பேச்சு. மூன்று சுற்று பேசினேன். அவள் அம்மாவும் கூடவே வந்து இருக்கவேண்டும் என்றேன். மாப்பிள்ளையின் அக்கா முடியாது என்றாள். நான் எழுந்து செருப்பை மாட்டினேன். வாசல் வரைக்கும் போய்விட்டேன். கூப்பிட்டார்கள். கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தனி அறை என்பதையும் அப்போதே சேர்த்து முடித்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். எட்டயபுரம் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டது. திரும்பிக் கேட்டாள்.

"எனக்காக இவ்வளவு பேசுனீங்களே. உங்களுக்குன்னு ஒரு நாளாவது பேசியிருக்கீங்களா?"

"தரகன் தனக்கு மாடு பிடிச்சா தொழில் வெளங்காது" என்றேன். சந்தைப் பழமொழி. பொருத்தமான பதில்தானே?

"நீங்க என்ன சொல்லுதீங்க? நான் போகவா?"

"நல்ல இடம். விட்றாத."

சரி என்று முன்னால் திரும்பிக்கொண்டாள். கோவில்பட்டி வரும்வரைக்கும் திரும்பவில்லை. திரும்பிப் பேசியதில் கழுத்து வலித்திருக்கும்.

கல்யாணம் இங்கேதான், பூவனநாதர் கோயிலில். சமையல்காரன் பாயசத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டான். அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் தாலி கட்டும்போது நான் அடுப்படியில் இருந்தேன். மேளச் சத்தம் கேட்டுத்தான் தெரியும். பாயசமா முக்கியம் என்று நீ நினைப்பாய். நாலு பேர் சாப்பிடுகிற இடம், தாயி.

நிச்சயமான அன்றைக்கே அவள் விவரத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதுதான் முறை. முடிந்த வரனை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. ஆறு வருஷம் ஆகிறது. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவாள். "அண்ணாச்சி நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா அண்ணாச்சி." ஒரு பேச்சுக்கு மூன்று அண்ணாச்சி. மரியாதையெல்லாம் திரும்ப வந்துவிட்டது. நானும் "எல்லாம் நல்லா இருக்கு" என்பேன். ஜன்னலை இப்போது நானே சாத்தி நானே திறக்கிறேன். பாதி நாள் சாத்தினது சாத்தினபடியே கிடக்கும். கத்துவதற்கும் இப்போது அவ்வளவாக ஒன்றும் இல்லை.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள். பரமன்தான். இவனிடம் எதுவும் கேட்காதே.

என்ன அது, ஸ்கிரீனில்? என்ன செய்தாய்? இரு, இரு. அந்த வரியை எடுத்துவிட்டாயா? நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், நீ பாட்டுக்கு எடுத்துப் பார்க்கிறாய். யார் இது என் பக்கத்தில்? கழுகுமலை ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். மீசையும் அவரும். போன மாதம்தான் படம் கொடுத்தார். அவர் ஏறி வந்து என் தோளை இடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு விரற்கடை கீழே. அதே இடத்தில்.

சிரிக்காதே, பரமா. போ. டம்ளரை அப்புறம் வந்து எடு.

எனக்குக் கோபம் இல்லை, தாயி. நீ சின்னப் பெண், என்ன ஆகிறதென்று பார்க்க எடுத்திருப்பாய். புது முறையில் இந்த வரி இல்லாமலே யாரும் ஏறமாட்டார்கள் என்கிறாய். நம்புகிறேன். நீ படித்தவள். இருந்தாலும் போட்டுவிடு. அவள் அடித்த மாதிரியே, அதே இடத்தில். வேண்டுமானால் இன்னும் ஒரு நாள் தருகிறேன், பதினைந்தாகவே வைத்துக்கொள். நீ கேட்ட பதினைந்துதான். இதற்கு மேல் நான் எங்கே இறங்க?

போட்டாயா? போஸ்ட்மாஸ்டர் கீழே போய்விட்டாரா?

ஆமாம், என் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாகத்தான் இருக்கும். விவரம் இரண்டு வரிதானே. வேறு ஏதாவது வைத்து நிரப்பவா என்கிறாயா? பூப்படமா? வேண்டாம்.

அது அப்படியே இருக்கட்டும்.